பத்தால் வகுத்த ஈரம்

செப்டம்பர் 3

ஏழு கடல் போதாதென்று எட்டாவதாக ஒன்றை வாங்கி, அதில் நான்கு மிதிபடகுகளை விட்டு அரசாண்டு வரும் உன் தாய்மாமன், எக்ஸ்ரே அறையின் இருட்டில் ஊரார் எலும்பையெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருக்கும் மருமகளுக்கு எழுதிக்கொள்வது.

போனில் உன்னைப் பேசவே விடுவதில்லை என்று கோபித்துக்கொண்டாய். "இனிமே எதுவா இருந்தாலும் எழுதுங்க மாமா, எழுத்துல கத்த முடியாதுல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாய். பார், பேனாவைக்கூட மெதுவாகத்தான் பிடித்திருக்கிறேன். உன் அம்மாவை உன் ஊருக்குக் கூட்டிப்போவதைப் பற்றி நான் அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? என் அக்காவைக் கொண்டுபோவதென்றால் யானை, குதிரை, காலாள் என்று முறைப்படி படை திரட்டிக்கொண்டு வா என்றேன். அவ்வளவுதான்.

ராஜ்ஜியம் செழிப்பாக இருக்கிறது. மோட்டார் காயில் சுற்றும் கடையை விற்று நான் வாங்கிய இந்த மாபெரும் நீர்நிலையை அரசாங்கக் காகிதத்தில் 'சிறு மண் அணை, தனியார், பொழுதுபோக்கு' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியவனுக்குக் கண் சரியில்லை. கரைமேல் நின்று பார்த்தால் பூமி உருண்டை என்பது கண்ணுக்கே தெரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை உலக மக்களில் பாதிப்பேர் படகு மிதிக்க வந்திருந்தார்கள். மீதிப் பாதி வண்டி நிறுத்த இடமில்லாமல் திரும்பிப் போனது. இங்குள்ள ஒரு மீன் புரண்டு படுத்தால் காற்று திசை மாறுகிறது. உன் அம்மா வழக்கம்போல டிக்கெட் கூண்டில் அமர்ந்து, வரி வசூலிக்கும் மகாராணியாக ஒவ்வொருவரையும் "எத்தனை பேர்?" என்று மிரட்டுகிறாள்.

சொல்ல மறந்தேன், முக்கியமில்லை. கரைக்குக் கீழே, உன் அம்மா வீட்டுக் கொல்லையில், துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் புல் ஈரமாக இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அளவு. மழை ஏதும் பெய்யவில்லை.

இப்படிக்கு,
சமுத்திராதிபதி

—

செப்டம்பர் 11

மாமா,

கடிதம் கிடைத்தது. மெதுவாகப் பிடித்த பேனாவுக்கே காது அடைத்துவிட்டது.

கடைசியில் எழுதியிருந்த ஈரம் மட்டும் மனதில் நின்றது. மேல் மாடியில் குடியிருக்கும் இன்ஜினியரை லிஃப்டில் பார்த்தபோது கேட்டேன். எவ்வளவு பெரிய ஈரம் என்றார். நம் வீட்டு வழக்கப்படி நீங்கள் சொன்னதைப் பத்தால் வகுத்து, ஒரு காசு அளவு என்றேன். சிரித்தார். "அதுக்கெல்லாம் பயந்தா மண் அணை பக்கமே போகக் கூடாதும்மா. ஒரு கைப்பிடி களிமண் வெச்சு நல்லா மிதிச்சு விடச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களை வகுக்காமல் யாரால் குடும்பம் நடத்த முடியும்? என் கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வருவார்கள் என்று நீங்கள் சொல்லி, அப்பா நூறு நாற்காலிதான் போட்டார். சரியாக இருந்தது. அம்மாவுக்கு இதற்கு நேரெதிர்க் கணக்கு. கை முறிந்து தொங்கியபோதும் "ஒண்ணுமில்ல, லேசா இடிச்சுக்கிட்டேன்" என்றவள். அவளை எப்போதும் பத்தால் பெருக்கத்தான் வேண்டும். ஈரத்தைப் பற்றி அவளிடம் போனில் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். பூஜ்யத்தைப் பெருக்கினாலும் பூஜ்யம்தானே என்று விட்டுவிட்டேன்.

அம்மா அங்கே கரைக்குக் கீழே தனி வீட்டில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இதை எழுத்திலும் சொல்லிவைக்கிறேன். படையெல்லாம் கிடையாது. ஒரு பஸ் டிக்கெட் போதும்.

மருமகள்

—

செப்டம்பர் 19

வெற்றி. வெற்றிமேல் வெற்றி.

உன் மாடி இன்ஜினியரின் பாதங்களை நான் விழுந்து வணங்கியதாகச் சொல். அவர் சொன்னது கைகண்ட மருந்து. களிமண் கொண்டுவந்து கொட்டி, நானும் படகுக்காரன் 'துடுப்பு'ம் சேர்ந்து மிதித்த மிதியில் பூமிக்கு அந்தப் பக்கம் வாழ்பவர்களுக்கு நிச்சயம் தலைவலி வந்திருக்கும். மறுநாள் காலை பார்த்தால் ஈரம் இருந்த இடம் அப்பளமாகக் காய்ந்து கிடக்கிறது. வைத்தியம் பார்த்துவிட்டேன் என்று கரைமேல் ஏறி நின்று அறிவித்தேன். கேட்க ஆளில்லை, இருந்தாலும் அறிவித்தேன்.

நடுவில் ஒரு சிறு உள்நாட்டுப் போர். அந்த ஈரம் உன் அம்மா துணி துவைத்துக் கொட்டுகிற தண்ணீராக இருக்கலாமே என்று எனக்கு முதலிலேயே சந்தேகம். எது குளத்துத் தண்ணீர், எது சோப்புத் தண்ணீர் என்று பிரித்தறிய வேண்டாமா? கொஞ்ச நாள் துவைக்காமல் இரு அக்கா என்றேன். "சரிடா" என்றாள். பிறகு பார்த்தால் அவள் துணியெல்லாம் பளபளவென்று கொடியில் ஆடுகிறது. துவைக்காமல் விடப்பட்டவை என் சட்டைகள் மட்டுமே. இதை வைத்து எந்த முடிவுக்கு வருவது என்று எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாது. ஆகையால் நானும் வரவில்லை.

அடுப்படித் தரை ஜில்லென்று இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கோடிக்கணக்கில் செலவழித்துக் குளிர்சாதன அறை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவளுக்கு அது தானாகவே கிடைத்திருக்கிறது. பள்ளி விடுமுறை வரப்போகிறது. படகுகளுக்கெல்லாம் புது வர்ணம் அடித்தாயிற்று.

இப்படிக்கு,
நீரையும் நிலத்தையும் ஒருங்கே அடக்கியவன்

—

செப்டம்பர் 25

மாமா,

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தை நின்று நிதானமாகப் படியுங்கள்.

நேற்று அம்மா போன் செய்தாள். பேச்சுவாக்கில், அடுப்பைத் தூக்கி முன்னறையில் வைத்துவிட்டதாகச் சொன்னாள். ஏன் என்றால் "சும்மாதான்" என்கிறாள். நான் பிறந்த நாளிலிருந்து அவள் ஒரு கரண்டியைக்கூடச் சும்மா இடம் மாற்றியதில்லை. அந்தச் 'சும்மா'வைப் பத்தால் பெருக்கிப் பார்த்தேன். வந்த விடை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கைப்பிடி களிமண்ணுக்கு எதற்குத் துடுப்பு? அவர் கட்டுமஸ்தான ஆள். காசு அளவு இடத்தில் இரண்டு பேர் நின்று எப்படி மிதித்தீர்கள்? எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் பெரிதாகச் சொல்கிறீர்களா சிறிதாகச் சொல்கிறீர்களா என்பதே முதல்முறையாக எனக்குத் தெரியவில்லை. நான் வகுக்க வேண்டுமா, பெருக்க வேண்டுமா?

இன்ஜினியரிடம் மறுபடி போனேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா என்று கேட்டார். தெளிவாக வந்தால் கசிவு. கலங்கலாக வந்தால் கரையின் மண்ணும் உள்ளிருந்து கரைந்து கூடவே வருகிறது என்று அர்த்தமாம். கசிகிற வாயை அடைத்தால் தண்ணீர் நிற்காது, வேறு வழி தேடும் என்றும் சொன்னார்.

எனக்கு வேண்டியது இரண்டே பதில். உண்மையில் எவ்வளவு பெரியது? தண்ணீர் என்ன நிறம்? கடல், ராஜ்ஜியம், யானை எதுவும் வேண்டாம்.

—

செப்டம்பர் 29

மருமகளே,

தட்டு அளவு இல்லை. கட்டில் அளவு. இரண்டு பேர் புரண்டு படுக்கிற கட்டில்.

நீ பத்தால் வகுப்பாய் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே நான் முன்கூட்டி வகுத்து எழுதினேன். நீ அதன்மேல் இன்னொரு முறை வகுத்திருக்கிறாய். கட்டில் தட்டாகி, தட்டு காசாகி, அந்தக் காசுக்கு உன் இன்ஜினியர் மருந்து எழுதித் தந்திருக்கிறார். ஒரு கைப்பிடி என்றாய். நான் ஒரு டிராக்டர் கொட்டினேன். பத்தவில்லை. இன்னொரு டிராக்டர் கொட்டினேன்.

அங்கே காய்ந்தது நிஜம். இப்போது அடுப்படிப் படிக்குப் பக்கத்தில் வருகிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்தேன். காலையில் பார்த்தபோது தெளிவு. அப்பாடா என்று தூக்கினேன். அடியில் பழுப்பாக ஒரு விரல்கடை படிந்திருந்தது. அக்காவிடம் காட்டினேன். "தூசிடா" என்றாள். தூசிதானோ என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. இன்னொரு டம்ளர் பிடித்தேன். அதிலும் தூசி.

ஏன் சின்னதாக எழுதினேன் என்று நீ கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். கட்டில் என்று எழுதியிருந்தால் அடுத்த நாளே நீ பஸ் ஏறி வந்திருப்பாய். மதகைத் திறந்து குளத்தை வடித்துவிடச் சொல்லியிருப்பாய். குளம் வடிந்தால் படகு இல்லை. படகு இல்லையென்றால் டிக்கெட் கிழிக்க ஆள் தேவையில்லை. டிக்கெட் கிழிக்க ஆள் தேவையில்லை என்றால் உன் அம்மாவை இங்கே வைத்துக்கொள்ள என்னிடம் வேறு காரணம் கிடையாது. என்னோடு இருக்கிறாயா அக்கா என்று நான் அவளிடம் கேட்டதே இல்லை. கூண்டுக்கு ஆள் வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

மதகுச் சக்கரத்தின்மேல் கைவைத்துக்கொண்டு நேற்று முழுக்க நின்றேன். திருப்பவில்லை. திருப்பட்டுமா?

போனில் சொன்னால் வாய் தானாகவே பெரிதாக்கிவிடும், நீயும் சிரித்துவிடுவாய். அதனால்தான் எழுதி, உன் ஊர் பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிடுகிறேன். படித்ததும் போன் செய். நான் பேச மாட்டேன். கேட்டுக்கொள்கிறேன்.

மாமா

—

அக்டோபர் 14

மாமா,

ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு எழுத உட்காரவே முடியவில்லை. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தேன். மன்னியுங்கள்.

அன்று போனில் "திருப்புங்க" என்று நான் சொன்னதும் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. சக்கரம் கிறீச்சிடுவது மட்டும்தான் கேட்டது. நானும் இன்ஜினியரும் வந்து இறங்கியபோது தண்ணீர் பாதிக்குக் கீழே போயிருந்தது. அம்மா பெட்டியோடு டிக்கெட் கூண்டில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்ஜினியர் தன் முடிவை எழுதித் தந்துவிட்டார். உங்களுக்கும் போன வாரமே ஒரு நகல் அனுப்பிவிட்டாராம். ஏன் கசிந்தது என்று கேட்டால், எலி வளையாக இருக்கலாம், எப்போதோ செத்த மரத்தின் வேராக இருக்கலாம், கட்டும்போதே மண்ணைச் சரியாக இடித்து இறுக்காமல் விட்டிருக்கலாம் என்கிறார். மூன்றில் எது என்றேன். மூன்றுமாக இருக்கலாம், மூன்றுமே இல்லாமலும் இருக்கலாம் என்றார். இதற்கு நீங்களே தேவலை.

ஆனால் முடிவு இரண்டில் ஒன்றுதான். கரையைப் பிரித்துச் சரிசெய்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பலாம். படகு ஓடும். ஆனால் கீழே உள்ள வீட்டில் யாரும் குடியிருக்கக் கூடாது. அந்த வீடு வேண்டும் என்றால் கரையை வெட்டி, குளத்தையே இல்லாமல் செய்துவிட வேண்டும்.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அவன் குளத்த நெரப்பிக்கட்டும். எனக்கு இங்க என்ன கொறைச்சல்" என்றாள். ஆக, அம்மா என்னுடனே இருக்கிறாள். நான் கேட்டதும் அதைத்தான். சந்தோஷமாக இருக்க வேண்டும்.

கட்டடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். உள்ளே வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி "எத்தனை பேர்?" என்று கேட்கிறாளாம். காவல்காரர் வந்து என்னிடம் முறையிட்டார்.

குளத்தை நிரப்ப ஏற்பாடு செய்யுங்கள். இனி உங்களுக்குத் தடை இல்லை.

மருமகள்

—

அக்டோபர் 14

மருமகளே,

வெட்டிவிட்டேன்.

மண் அள்ளும் இயந்திரம் ஒன்று வந்தது. அரசாங்க அணை ஆய்வாளர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டார். இயந்திரக்காரர் "எங்கண்ணே வெட்டணும்?" என்றார். தினமும் காலையில் நான் டீ டம்ளரோடு உட்காருகிற இடத்தைக் காட்டினேன். அந்த இடத்தில்தான் கரை ஒல்லி.

ஏழு உலகமும் நடுங்கும், நதிகள் வழிமாறும், சரித்திரத்தில் இடம்பெறும் என்றெல்லாம் எழுத வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். மதகு வழியாக ஏற்கெனவே வடிந்து போனது போக மிச்சம் இருந்தது, வாளியைக் கவிழ்த்த மாதிரிச் சலசலவென்று ஓடையில் சேர்ந்து போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். காற்றின் திசையை மாற்றும் அந்த மீனையும் பார்த்தேன். என் முழங்கை நீளம். அதையும் மற்றதையும் பாத்திரம் கொண்டுவந்தவர்கள் எல்லாம் எடுத்துப்போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது உன் அம்மா வீட்டுக்கு மேலே வானத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. வானம் என் பொறுப்பில் வராது. அடுப்படித் தரை காய்ந்துகொண்டிருக்கிறது. கூண்டுக்கு ஆள் தேவை என்று இனி நான் சொல்ல முடியாது. கூண்டையே கழற்றியாயிற்று. அவளிடம் இப்படிச் சொல்: உன் தம்பிக்கு எந்த வேலைக்கும் ஆள் வேண்டாம். இருந்தாலும் உன்னை வரச் சொல்கிறான்.

அனுப்பி வைப்பாயா?

மாமா

—

அக்டோபர் 20

மாமா,

நம் கடிதங்கள் எதிரும் புதிருமாகப் போய்விட்டன. தம்பி குளத்தை வைத்துக்கொள்ளட்டும் என்று அவள் வீட்டை விட்டாள். அவள் வீட்டை வைத்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் குளத்தை விட்டீர்கள். உங்கள் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒருவர் பேசி முடித்த பிறகு மற்றவர் பேச வேண்டும் என்று சட்டம் போட வேண்டும்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு "யாரைக் கேட்டு வெட்டினான்?" என்றாள். சாப்பிடும்போதும் கேட்டாள். டிவி பார்க்கும்போதும் கேட்டாள். காவல்காரரிடமும் போய்க் கேட்டிருக்கிறாள். ராத்திரி பார்த்தால் பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். கோபமா, சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் படம்தான் எடுப்பேன் மாமா. அதைப் பார்த்து இன்னதென்று சொல்வது வேறு ஆள்.

இன்னும் கொஞ்ச நாள் இரேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "நீ வேலைக்குப் போயிடுற" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. நான் வேலைக்குப் போய்விடுகிறேன் என்பதும் உண்மைதான். அவள் போன பிறகும் படுக்கையை மடித்து வைக்காமல் அப்படியே விடப்போகிறேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் ஏற்றி விடுகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடியே எனக்கு எழுதுங்கள்.

மருமகள்

—

அக்டோபர் 28

மருமகளே,

நடந்தபடியே எழுதுகிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கிய உன் அம்மா வீட்டுக்குள் போகவில்லை. பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கரைமேல் ஏறினாள். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் நின்று உள்ளே பார்த்தாள். நானும் பின்னால் போய் நின்றேன். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து தயாராக வைத்திருந்தேன்.

"இவ்ளோதானாடா?" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் இல்லாமல் பார்த்தால் ஒரு பள்ளம். எதிர்க்கரையில் தும்மினால் இங்கே கேட்கிற தூரம். பதிலுக்கு ஏதாவது பிரமாதமாகச் சொல்லலாம் என்று தேடினேன். வாயில் "ஆமாக்கா" என்றுதான் வந்தது.

மஞ்சள் படகு நடுவில் சேற்றில் உட்கார்ந்திருந்தது. நகர்த்த ஆள் கிடைக்காமல் அதை மட்டும் விட்டுவைத்திருந்தோம். உன் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். வழுக்கும் அக்கா, வேண்டாம் அக்கா என்று நான் பின்னாலேயே போனேன். போய், படகில் ஏறி, இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் உள்ள குஞ்சு குளுவானெல்லாம் ஏறிய படகு இது. இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாளும் ஏறியதில்லை. கூண்டைவிட்டு வர நேரமில்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் அக்கா நீ ஏறவே இல்லை என்று கேட்டேன்.

"பயம்டா" என்றாள்.

பிறகு, என் பக்கம் திரும்பாமல், "கீழ வீட்டுல கண்ண மூடுனா தண்ணி தல மாட்டுல நிக்கிற மாதிரியே இருக்கும். ஒரு நாள் நிம்மதியாத் தூங்குனதில்ல" என்றாள்.

பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன்.

"சொல்லியிருந்தா அப்பவே வெட்டியிருப்ப. குளம் இல்லன்னா என்னை எதுக்குக் கூப்புடப் போற?"

மருமகளே, நான் அவளைக் குளத்தைக் காட்டிப் பிடித்து வைத்திருந்தேன். அவளும் என்னை அதே குளத்தை வைத்துத்தான் பிடித்திருந்தாள். இருவருக்கும் அது கடைசிவரை வேண்டியிருந்ததா, வேண்டாமலே இருந்ததா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அங்கேயே கேட்டுத் தெளிந்திருக்கலாம். அவள் விடவில்லை.

"சும்மா என்ன உக்காந்திருக்க? மிதி" என்றாள்.

தண்ணீர் இல்லையே என்றேன். அதனால்தான் ஏறியிருக்கிறேன் என்றாள்.

மிதித்தேன். சக்கரம் சேற்றை வாரிப் பின்னால் அடித்தது. என் முதுகெல்லாம் சேறு. கரைமேல் நின்ற துடுப்பு, தலையில் கைவைத்துக்கொண்டு பார்த்தான். படகு இருந்த இடத்தைவிட்டு ஒரு நூலும் நகரவில்லை. உன் அம்மா இரண்டு கையாலும் பக்கத்துக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் போடா" என்றாள்.

மாமா